பற்று எழுதாத வீடு

ஆரப்பாளையத்துக்கு மேற்கே, மில்லுக்குப் போகும் பாதையில் முப்பத்திரண்டு வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு ஒரு லயனாக நின்றன. எல்லா வீட்டிலும் மில்லுக்குப் போகிறவர்கள்தான். அவர்களை வேலைக்குச் சேர்த்துவிட்டவர் தவசி மேஸ்திரி. லயன் முனையில் இருந்த மளிகைக் கடையும் அவருடையதே. மச்சினன் காளையை அதில் உட்கார்த்தி வைத்திருந்தார். அரிசி, பருப்பு, சீமெண்ணெய், வெற்றிலை எது வேண்டுமானாலும் காசில்லாமல் வாங்கலாம். காளை பற்று நோட்டில் எழுதிக்கொள்வான். சம்பளத்தன்று மேஸ்திரி அந்த நோட்டோடு மில் வாசலில் நிற்பார். கடைக்குச் சேர வேண்டியது போக மீதிதான் ஆட்களின் கைக்கு வரும். முப்பத்தொரு வீட்டுக்கு அந்த நோட்டில் பக்கம் இருந்தது. இல்லாத ஒரே வீடு நல்லகாமனுடையது. அதற்குக் காரணம் அவன் பெண்டாட்டி அன்னக்கொடி.

முதலில் அவர்களுக்கும் ஒரு பக்கம் இருந்தது. உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருந்தவர்கள் இருவரும். மூன்று வருஷம் தொடர்ந்து மழை பொய்த்ததும் கைப்பிள்ளை முத்துத்தாயைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு வந்தார்கள். மேஸ்திரி நல்லகாமனை நூற்பு மெஷினில் சேர்த்துவிட்டார். அன்று மாலையே காளை ஒரு மூட்டை சாமானை வாசலில் இறக்கினான். அன்னக்கொடிக்குக் கண் நிறைந்துபோனது. முன்பின் தெரியாத ஊரில் இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று மேஸ்திரியை மனசுக்குள் கும்பிட்டாள்.

எட்டாவது மாதச் சம்பளத்தன்று நல்லகாமன் கையில் ஒரு காராச்சேவுப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான். சம்பளம் எங்கே என்று கேட்டாள். இதுதான் என்று பொட்டலத்தை நீட்டினான். பற்று போக மிஞ்சிய ஓரணாவுக்கு, வெறுங்கையோடு வர வெட்கப்பட்டு, சேவு வாங்கி வந்திருக்கிறான். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஒரு மாதம் முழுக்க மெஷினோடு மெஷினாக நின்ற உடம்பு அது. அன்னக்கொடி பொட்டலத்தைப் பிரிக்காமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் டவுனுக்குள் நடந்துபோய், காதில் கிடந்த தண்டட்டியைக் கழற்றி ஆசாரியிடம் விற்றாள். அவளுடைய ஆத்தா போட்டுவிட்ட நகை. அந்தப் பணத்தைக் கொண்டுவந்து காளையின் முன்னால் வைத்துப் பற்றை அடிக்கச் சொன்னாள். என்ன அவசரம், மெதுவாகக் கொடுக்கலாமே என்றான் காளை. அடியுங்கள் என்றாள். வளர்ந்து தொங்கும் வெறும் காதோடு அவள் லயனுக்குள் திரும்பி வந்தபோது பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். புருஷன் உயிரோடு இருக்கும்போது காதை மூளியாக்கிக்கொண்டவளை அவர்கள் அதுவரை கண்டதில்லை.

அன்றிலிருந்து அவள் வீட்டில் அரிசிச் சோறு வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்று ஆயிற்று. மற்ற நாளில் கம்பங்கூழ், சோளக்களி, வரகுச்சோறு. தொட்டுக்கொள்ள ஒரு மிளகாயோ வற்றலோ. ஆற்றுப் படுகையில் உடைமுள் வெட்டிக் கட்டிக்கொண்டு வருவாள், விறகுக்குக் காசில்லை. துணி வெளுக்க உவர்மண். பொழுது சாய்வதற்குள் உலை இறங்கிவிடும், சாப்பிட்டதும் விளக்கு அணைந்துவிடும். தீப்பெட்டிக்குக்கூட அவள் செலவழிப்பதில்லை. பக்கத்து வீட்டு முனியாயியின் அடுப்பிலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் கங்கு வாங்கிக்கொள்வாள். அதற்குப் பதிலாக முனியாயியின் நான்கு பிள்ளைகளுக்கும் பேன் பார்த்துவிடுவாள்.

சாமான் வாங்க வாரம் ஒருநாள் திண்டுக்கல் ரோட்டில் நாலு மைல் நடந்து பரவைச் சந்தைக்குப் போவாள். சந்தை கலைகிற நேரம் பார்த்துத்தான் போவாள். திரும்பச் சுமந்துபோக மனசில்லாமல் சம்சாரிகள் கத்தரிக்காயையும் கொத்தவரையையும் கூறு கட்டி, வந்த விலைக்குத் தள்ளிவிடும் நேரம் அது. ஓலைப்பெட்டி நிறைய வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். மறுநாள் அவள் வீட்டுக் கூரையெல்லாம் வற்றல் காயும். மாசியில் புளி மலிந்தால் வருஷத்துக்கான புளியை வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்துவிடுவாள்.

லயனில் அவளுக்குக் கஞ்சி என்று பெயர் விழுந்தது. பிள்ளைகள் முத்துத்தாயைக் கஞ்சி மகள் என்று கூப்பிட்டார்கள். நல்லகாமனை மில்லில் கேலி பேசினார்கள். சோற்றுச் சட்டியைத் திறந்தால் கூழாக இருக்கிறதே, ஊரில் பஞ்சம் இன்னும் தீரவில்லையா என்று. அவன் கூச்சப்பட்டுத் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து குடிப்பான். எதற்காக இப்படிச் சேர்க்கிறாய், யாருக்குச் சேர்க்கிறாய் என்று ஒருநாள் அலுத்துப்போய்க் கேட்டான். நகை வேண்டும் என்றோ நிலம் வேண்டும் என்றோ அவள் நினைத்ததில்லை.

"எவன் வாசல்லயும் போயி நிக்காம இருக்கணும் மச்சான். அம்புட்டுத்தான்" என்றாள்.

இப்படி நாலு வருஷம் ஓடியது. அப்போதுதான் ஊர் உலகமெல்லாம் தானிய விலை சரிந்தது. எங்கோ சீமையில் வியாபாரம் படுத்துவிட்டதாம், அதனால்தான் இங்கே நெல்லைக் கேட்க நாதியில்லை என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். பரவையில் ரூபாய்க்கு எட்டுப் படி அரிசி கிடைத்தது. சம்சாரிகள் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு அளந்து போட்டார்கள். மில்லிலும் சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டார்கள். ஆனால் மேஸ்திரியின் கடையில் மட்டும் அதே பழைய விலைதான், ரூபாய்க்கு ஐந்து படி. அதிலும் கல் பாதி.

அன்னக்கொடி இதை யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. ஒருநாள் அவள் பெட்டியை இறக்கும்போது முனியாயி கூடமாட ஒத்தாசைக்கு வந்தவள், அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து விலை கேட்டாள். கேட்டதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாரம் தானும் வருகிறேன் என்றாள். கையில் காசு ஏது என்று அன்னக்கொடி கேட்டாள். பற்றுப் போக அவள் வீட்டுக்கு வருவது உப்புக்கும் காணாது. லயனைச் சுற்றி மேய்கிற மாட்டுச் சாணி சும்மாதானே கிடக்கிறது, வறட்டி தட்டி டவுனுக்குக் கொண்டுபோனால் ஐயர் வீடுகளில் வாங்கிக்கொள்வார்கள் என்று அன்னக்கொடிதான் வழி சொன்னாள்.

மூன்று வாரம் வறட்டி விற்ற காசை முந்தானையில் முடிந்துகொண்டு முனியாயி அவளோடு பரவைக்கு நடந்தாள். திரும்பி வருகையில் விளாங்குடிப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் சுமையை இறக்கி வைத்துவிட்டு, தலையில் கனமாக இருக்கிறது மதினி, ஆனால் நெஞ்சு லேசாக இருக்கிறது என்று சிரித்தாள். அடுத்த மாதம் ஐந்து பேர் ஆனார்கள். சித்திரை பிறக்கும்போது பதினோரு பெண்கள் பெட்டியும் சாக்குமாகத் திண்டுக்கல் ரோட்டில் ஒரே வரிசையாகப் போனார்கள். கஞ்சி என்று கூப்பிட்ட வாய்கள்தான், இப்போது வற்றலுக்கு எவ்வளவு உப்பு, புளியில் பூச்சி வராமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு வந்தன. அன்னக்கொடிக்கு அது பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தவசி மேஸ்திரி அவள் வீட்டுக்கு வந்தார். சில்க் ஜிப்பா, தோளில் சரிகைத் துண்டு. நல்லகாமன் பதறிப்போய்ப் பாயை விரித்தான். உட்கார்ந்தார். அன்னக்கொடி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மேஸ்திரி கோபப்படவில்லை. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார், ஊரில் மழை உண்டா என்று கேட்டார். பிறகு செம்பைக் கையில் எடுத்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"ஏத்தா, உன் புருசனை இந்த ஊருக்குக் கூட்டியாந்தது யாரு?"

"நீங்கதாண்ணே."

"அந்த நன்றி இருக்கணுமில்ல?"

"இருக்குண்ணே. அவுக ஒருநா பிந்தி வேலைக்கு வந்ததில்ல. மாசாமாசம் உங்களுக்கு மாமூல் குடுக்குறாக, அதையும் நான் தடுத்ததில்ல. அரிசி எங்க வாங்குறதுங்கிறது என் அடுப்புப்பாடு."

நல்லகாமன் தலையைக் குனிந்துகொண்டான். மேஸ்திரி தண்ணீரைக் குடிக்காமலே செம்பைக் கீழே வைத்தார்.

"நீ ஒருத்தி போனப்ப நான் கண்டுக்கிட்டேனா? இப்ப லயனையே கூட்டிக்கிட்டுப் போற."

"நான் யாரையும் கூப்பிடலண்ணே. வாராக. ரோடு சர்க்கார் ரோடு."

மேஸ்திரி எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். வாசல்வரை போய், நல்லகாமனின் தோளில் கைபோட்டு, மாப்ள, வீட்டுல சொல்லி வையி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை நல்லகாமனை நூற்பிலிருந்து மாற்றிப் பஞ்சு பிரிக்கும் கொட்டகையில் போட்டார்கள். பஞ்சுத் தூசி புகைபோல அடைத்துக் கிடக்கும் இடம் அது. பத்தே நாளில் அவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தலைமயிரும் புருவமும் வெளுத்து, கிழவனைப்போல வீட்டுக்கு வந்தான். கால் மணி பிந்தினாய் என்று ஒருநாள், பஞ்சைச் சிந்தினாய் என்று ஒருநாள் அபராதம் விழுந்தது. அன்னக்கொடி தூதுவளைக் கொழுந்தை அரைத்துக் கொடுத்தாள். அவன் வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு கால் வீசை வெல்லமாவது அந்தக் கடையில் வாங்கிவிடேன், உன் தலையிலிருந்து கிரீடமா இறங்கிவிடும் என்று கேட்டான். அவன் இருமல் இரவெல்லாம் ஓயவில்லை. வாங்கிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தும் பார்த்தாள். கால் வீசை வெல்லத்தோடு அது நிற்காது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் யோசித்து முடிப்பதற்குள் நல்லகாமனே செய்துவிட்டான். ஒரு சாயங்காலம் அவள் ஆற்றிலிருந்து முள்ளுக்கட்டோடு வந்தபோது வீட்டுக்குள் நாலு படி அரிசியும், ஒரு போத்தல் நல்லெண்ணெயும், வெல்லமும், மல்லி மிளகாய்ப் பொட்டலமும் இருந்தன. முத்துத்தாய் அரிசியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவளுக்கு அப்போது ஆறு வயசு. வெள்ளிக்கிழமை இல்லாத நாளில் அரிசியைப் பார்த்த சந்தோஷம். நல்லகாமன் அடுப்பங்கரைப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, இதை இன்றைக்கு ஆக்கு என்றான். அன்னக்கொடி மூட்டையைத் தொடவில்லை. கம்பைப் புடைத்து வழக்கம்போலக் கூழ் காய்ச்சினாள். பிள்ளை அழுதுகொண்டே குடித்துவிட்டுத் தூங்கியது. அந்த அழுகை அவளை அறுத்தது. இருந்தாலும் அவள் அசையவில்லை.

மறுநாள் நடுப்பகலில், மில் சங்கு ஊதி ஒரு ஷிப்ட் ஆட்கள் வெளியே வரவும் அடுத்த ஷிப்ட் உள்ளே போகவும் பாதை நிறைந்திருந்த நேரத்தில், அன்னக்கொடி அந்தச் சாமானையெல்லாம் பெட்டியில் வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தாள். பலகைமேல் இறக்கி வைத்தாள்.

விற்ற சாமானைத் திரும்ப எடுப்பதில்லை என்றான் காளை. பொட்டலம் பிரியவில்லை, அளந்து பாருங்கள் என்றாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கடைக்கு எதிரே வெயிலில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். ஆட்கள் நின்றார்கள். முனியாயி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னும் நாலைந்து பெண்கள் வந்தார்கள். சங்கு இரண்டாந்தடவை ஊதியும் கூட்டம் கலையவில்லை. மெஷின்கள் ஆளில்லாமல் நிற்கவே, மில்லுக்குள்ளிருந்து மேஸ்திரி வேர்த்து விறுவிறுக்க ஓடி வந்தார்.

கூட்டத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். உள்ளே துரைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அளந்து எடுத்துக்கொண்டு எழுதினதை அடி என்று காளையிடம் சொன்னார். காளை அரிசியை அளந்தான். ஒரு உழக்குக்கூடக் குறையவில்லை. பென்சிலால் கோடு கிழித்தான். அன்னக்கொடி எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"நாளையிலருந்து உன் புருசன் மில் கேட்டுக்கு வர வேணாம்" என்றார் மேஸ்திரி, எல்லோருக்கும் கேட்கும்படி.

"சரிண்ணே. அதையும் அந்த நோட்டுலயே எழுதிக்கிருங்க."

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். கம்பு கொட்டி வைத்திருந்த மண் குலுக்கையில் சாய்ந்துகொண்டாள். நல்லகாமன் விஷயம் தெரிந்து வந்தவன், அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மூன்று நாள் அவளோடு பேசாமல், கொடுத்ததைக் குடித்துவிட்டு, ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்திருந்தான். லயன் மேஸ்திரிக்குச் சொந்தமில்லை. டவுனில் இருந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவுடையது. வாடகை வந்தால் சரி என்கிற மனிதர் அவர். அதனால் வீட்டைக் காலி பண்ணச் சொல்ல ஆளில்லை. அந்த அளவில் அவளுக்கு நிம்மதி.

நாலாம் நாள் அவள் அவனைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். குலுக்கையின் வாயைத் திறந்து காட்டினாள். நாலு மாசத்துக்குக் கம்பு இருந்தது. பரணில் இருந்த பானைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். புளி, வற்றல், மிளகாய், கருப்பட்டி. கடைசியில் உப்புப் பானைக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவன் மடியில் வைத்தாள். எழுபத்தொரு ரூபாய். நல்லகாமன் இரண்டு தடவை தடவிப் பார்த்தான். இவ்வளவு இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. முதலில் வந்தது கோபம்தான்.

"இம்புட்டையும் வச்சுக்கிட்டா என்னையக் கூழு குடிக்க வச்ச?"

"கூழு குடிச்சதுனாலதான் மச்சான் இம்புட்டு."

அவன் அவளை முறைத்தான். அப்புறம் எங்கிருந்தோ அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமி முடித்து மறுபடியும் சிரித்தான். அவளும் சிரித்தாள். நாலு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

ஊருக்கே போய்விடலாம் என்றான் அவன். காடு இன்னும் கரம்பாகத்தான் கிடக்கிறது, போய் எதைத் தின்பது என்றாள். பரவைச் சந்தையில் மாடுகள் அடிமாட்டு விலைக்குப் போவதை அவள் பார்த்திருந்தாள். தீனி போட வழியில்லாத சம்சாரிகள் ஏர்மாட்டையே பிடித்துக்கொண்டுவந்து நின்றார்கள். மாட்டைப் பார்த்து வாங்கத் தெரிந்தவன் நல்லகாமன். பஞ்சு மெஷினுக்கு வருமுன் அவன் கை மாட்டோடு கிடந்த கை. இருவருமாகப் போனார்கள். அவன் பல்லைப் பிடித்துப் பார்த்து, திமிலைத் தட்டிப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, ஒரு மயிலைக் காளையைப் பிடித்தான். ஒற்றை மாட்டு வண்டி ஒன்று பழசாகக் கிடைத்தது. சக்கரத்துக்குப் பட்டை போட்ட கூலியும் சேர்த்து ஐம்பத்தெட்டு ரூபாய் ஆயிற்று.

அடுத்த சந்தையிலிருந்து லயன் பெண்கள் யாரும் தலையில் சுமக்கவில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று சின்னக் கூலி வாங்கிக்கொண்டு நல்லகாமன் ஏற்றி வந்தான். மற்ற நாட்களில் கீழமாசி வீதி மண்டிகளுக்கு வாடகைக்கு ஓட்டினான். அவனை மில்லுக்கு வரவேண்டாம் என்று சொன்ன மறுவாரம் சந்தைக்குப் போகப் பயந்து நின்றுவிட்ட பெண்கள், வண்டியைக் கண்டதும் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எத்தனை பேர் வீட்டு ஆளைத்தான் மேஸ்திரி வெளியே தள்ளுவார் என்று முனியாயி எல்லோரையும் தேற்றினாள். போக முடியாதவர்கள் கேட்டதால் அன்னக்கொடியே இரண்டு மூட்டை அரிசியும் கம்பும் பருப்பும் கூடுதலாக வாங்கி, லயன் வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து விற்கத் தொடங்கினாள். மேஸ்திரியின் கடைக்கு நேர் எதிர்ச்சாரி. காசு வைத்தால் அரிசி, இல்லையென்றால் இல்லை.

அதில்தான் அவளுக்கும் முனியாயிக்கும் முட்டிக்கொண்டது. முனியாயியின் புருஷன் காய்ச்சலில் படுத்து ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. அவள் வந்து இரண்டு படி அரிசி கொடு மதினி, சம்பளத்துக்குத் தருகிறேன் என்றாள். அன்னக்கொடி அளந்து அவள் முந்தானையில் போட்டாள்.

"கடன்னு கேட்டா கிடையாது. சும்மா கொண்டு போ."

முனியாயிக்கு முகம் சிவந்துவிட்டது. நான் என்ன பிச்சையா கேட்டேன் என்றாள். கடன் கொடுக்க ஆரம்பித்தால் நானும் நோட்டுப் போட வேண்டும், அதற்கு அந்தக் கடையே இருக்கிறது என்றாள் அன்னக்கொடி. வார்த்தை முற்றியது. வீட்டில் பிள்ளைகள் பசித்துக் கிடந்ததால் முனியாயி அரிசியை எறியாமல் எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் அதற்குப் பிறகு கங்கு கேட்டுப் போன முத்துத்தாயை வெறும் சிரட்டையோடு திருப்பி அனுப்பிவிட்டாள். காசு நாலு பார்த்ததும் கஞ்சிக்குக் கொழுப்பேறிவிட்டது என்று லயனில் பேச்சு நடந்தது. ஆத்திர அவசரத்துக்கு மேஸ்திரி கடையாவது எழுதிக்கொண்டு கொடுக்கிறதே என்று நாலு வீட்டுக்காரர்கள் மறுபடியும் அங்கே போனார்கள். அன்னக்கொடி அந்த மாதம் சரியாகத் தூங்கவில்லை. தான் செய்தது சரி என்றுதான் நினைத்தாள். சரியாக இருந்தும் ஏன் இப்படி வலிக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் முனியாயி இரண்டு படி அரிசியைக் கொண்டுவந்து அவள் முறத்தில் கொட்டினாள். நான் கடனாகக் கொடுக்கவில்லையே என்றாள் அன்னக்கொடி. இதுவும் கடனடைப்பு இல்லை, சும்மாதான் தருகிறேன், பிடித்தால் வைத்துக்கொள் என்றாள் முனியாயி. அன்னக்கொடி முறத்தை எடுத்து உள்ளே வைத்தாள். அன்றைக்குச் சந்தைநாள். வண்டியில் இடம் பிடித்து வை என்று சொல்லிவிட்டு முனியாயி பிள்ளைகளுக்குத் தலைவாரப் போனாள்.

தைக்குப் பிறகு மேஸ்திரியின் கடையில் விலை இறங்கிற்று. ஆறு படி, அப்புறம் ஏழு. கல் பொறுக்கின அரிசி என்று காளை கூவி விற்றான். கேட்டவர்கள் முந்தானை மறைவில் சிரித்தார்கள். மில்லிலும் நல்ல நூற்பு ஆட்கள் இரண்டு பேர் வேறு ஊருக்குப் போய்விட, கை பழகிய ஆள் கிடைக்காமல் மேஸ்திரிக்கு உள்ளே நெருக்கடி என்று கேள்வி.

பங்குனியில் ஒருநாள் நல்லகாமன் லயன் முனையில் வண்டியை அவிழ்த்துவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தபோது தவசி மேஸ்திரி கடைப்பலகையிலிருந்து எழுந்து வழியில் வந்து நின்றார். அன்னக்கொடி வேப்பமரத்தடியில் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள். கை தானாக நின்றுவிட்டது.

நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடலாம் என்றார் மேஸ்திரி. பழைய நூற்பு மெஷினே தருகிறேன், அபராதம் கிடையாது, மாமூலும் வேண்டாம், நாளைக்கே வந்துவிடு என்றார். குரல் தணிந்துதான் இருந்தது. மில் சம்பளம் வண்டி வாடகையைவிடக் கூடுதல் என்பது அன்னக்கொடிக்குத் தெரியும். மாட்டுக்குச் சீக்கு வந்து பத்து நாள் வண்டி ஓடாமல் கிடந்த மாதத்தை அவள் மறக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நாக்குத் துடித்தது. இது அவன் உழைப்பு, அவன் உடம்பு, அவனே சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, முறத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மேஸ்திரியின் முன்னால் என்றைக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவன் நல்லகாமன். இப்போது துண்டு தலைப்பாகையாகத் தலையில் இருந்தது. அவன் கை அதைத் தொடப் போனதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். தொட்டது, கொஞ்சம் இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கிவிட்டது.

"மாடு காலையிலருந்து தண்ணி குடிக்கலண்ணே. வழி விடுங்க" என்றான்.

மேஸ்திரி நகரவில்லை. மாடு அவரை முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டியது. அவர் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். நல்லகாமன் மூக்கணாங்கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல், மாட்டின் நடைக்கு ஏற்றபடி தொட்டியைப் பார்த்து நடந்தான்.